ஓராண்டு வாசிப்பைத் திரும்பிப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடமாக, படித்து முடித்ததை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். வருடக் கடைசியில் ஒரு நாள் அந்த நோட்டோடு உட்காருவேன். இது தெரிந்த நண்பர்கள் டிசம்பர் வந்தாலே கேட்கிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் ஓய்ந்துபோனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் என் அனுபவமும் உண்டு, என் பிடிவாதங்களும் உண்டு.

வருஷம் பூரா படிச்சதைத் திரும்பிப் பார்க்கிறதுன்னா என்ன? பட்டியல் போடுறதுதானே?

பட்டியல் பாதி வேலை. அதுவும் பின்பாதி. முன்பாதிக்கு ஒரு வெற்றுத்தாள் போதும். பட்டியலையோ அலமாரியையோ பார்க்காமல், இந்த வருடம் படித்ததில் நினைவுக்கு வருவதையெல்லாம் இருபது நிமிடம் எழுதுங்கள். தலைப்பு வரவில்லையா? காட்சியை எழுதுங்கள், ஒரு வாதத்தை எழுதுங்கள், அட்டை நிறம் மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு பட்டியலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நான் முதன்முதலில் இப்படிச் செய்த வருடம் பட்டியலில் 61 இருந்தது, அவற்றில் 19 தாளில் இருந்தது. மீதி 42-இல் பெரும்பாலானவை தலைப்பைப் பார்த்ததும் ‘அட, ஆமாம்’ என்று வந்துவிட்டன. ஏழு மட்டும் வரவேயில்லை. அந்த ஏழில் ஒன்றுக்கு எதிரே என் கையெழுத்திலேயே ‘மிகச் சிறப்பு’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது. எது மிகச் சிறப்பு, ஏன் சிறப்பு, யார் அதில் என்ன செய்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு பக்கம், தாளில் நான் நிச்சயமாக எழுதிய இரண்டு பட்டியலிலேயே இல்லை. ஒன்று முந்தைய வருடம் படித்தது. மற்றது புத்தகமே அல்ல, எங்கோ படித்த ஒரு நீண்ட கட்டுரை.

எனக்குத் திரும்பிப் பார்ப்பது என்றால் இதுதான். தாளும் பட்டியலும் எங்கே பிரிகின்றன என்று பார்ப்பது. கீழே பல பதில்களில் ‘தாள்’ என்று சொல்லும்போது இந்தத் தாளைத்தான் சொல்கிறேன்.

நான் எதையுமே குறிச்சு வைக்கலையே, இப்ப என்ன பண்றது?

முதலில் தாளை எழுதிவிடுங்கள். குறித்து வைக்காதவர்களுக்கு இதில் ஒரு வசதிகூட இருக்கிறது, எட்டிப் பார்க்கப் பட்டியல் இல்லை. பிறகு துப்பறியலாம். நூலகத்தில் எடுத்த கணக்கு, வாங்கிய ரசீது, நண்பருக்கு ‘இதைப் படி’ என்று அனுப்பிய செய்தி, போனில் எடுத்து வைத்த பக்கங்களின் படம் என்று தடயம் நிறையக் கிடைக்கும். படங்களில் தேதி இருக்கும். கிண்டிலில் படிப்பவர் என்றால், கோடிட்ட வரிகளையெல்லாம் அது தேதி, நேரத்தோடு ஒரே கோப்பில் சேர்த்து வைத்திருக்கும். எந்தப் பகுதியை ராத்திரி இரண்டு மணிக்குப் படித்தீர்கள் என்பதுவரை தெரிந்துவிடும்.

முழுப் பட்டியல் தேறாது. தேறிய வரைக்கும் போதும்.

எதெல்லாம் புத்தகக் கணக்கில் வரும்? நாற்பது பக்கக் கவிதைத் தொகுப்பு ஒரு புத்தகமா?

யுனெஸ்கோ 1964-இல் இதற்கு ஒரு வரையறை வைத்தது. அட்டை நீங்கலாகக் குறைந்தது 49 பக்கம் இருந்தால்தான் புத்தகம், அதற்குக் கீழே சிறுவெளியீடு. ஆனால் அது நாடுகள் தங்கள் பதிப்புப் புள்ளிவிவரத்தை ஒரே அளவுகோலில் எடுப்பதற்காக வந்த விதி. உங்கள் மேசைக்கு அது பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. நாற்பது பக்கக் கவிதைகளோடு ஒரு மாதம் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

எந்த விதி வைத்தாலும் சரி, ஜனவரியில் வைத்துவிடுங்கள், டிசம்பரில் மாற்றாதீர்கள். ஒரு வருடம் இலக்குக்கு ஒன்பது குறைந்தபோது நான் மாற்றினேன். மெலிந்த புத்தகங்களாகத் தேடித் தேடி மூன்று வாரத்தில் ஒன்பதையும் முடித்தேன். இலக்கு எட்டியது. தாளில் அந்த ஒன்பதில் ஒன்றுகூட வரவில்லை.

ஆடியோவில் கேட்டது படிச்சதாகுமா? இதில் எங்க வீட்டில் சண்டையே வந்திருக்கு.

ஆகும். 2016-இல் பெத் ரோகோவ்ஸ்கி என்ற ஆய்வாளரும் குழுவினரும், ஒரே நூலின் பகுதிகளைச் சிலரைக் கேட்கவைத்தார்கள், சிலரைத் திரையில் படிக்கவைத்தார்கள், சிலரை இரண்டையும் சேர்த்துச் செய்யவைத்தார்கள். உடனே வைத்த தேர்விலும் சரி, இரண்டு வாரம் கழித்து வைத்ததிலும் சரி, புரிதலில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் உட்கார்ந்து கேட்டவர்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பதற்கு அந்த முடிவை நீட்ட முடியாது.

நான் பட்டியலில் ‘கே’ என்று ஓர் எழுத்துப் போட்டு வைப்பேன். வருடக் கடைசியில் பார்த்தால், கேட்டவற்றில் தன்வரலாறுகளும் பயணக் கதைகளும் தாளில் நன்றாகவே வந்திருக்கும். வாதம் வைத்துப் போகிற நூல்கள் வந்திருக்காது. பின்னால் புரட்டிப் பார்க்க வழியில்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இது வேறு மாதிரி இருக்கலாம், அதற்குத்தான் அந்த எழுத்து.

திரையில் படிச்சது மனசில் நிக்காதுன்னு சொல்றாங்களே?

ஒரு பாதி உண்மை. 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தகவல் சார்ந்த உரைகளிலும், நேரம் குறித்துப் படிக்கவைத்தபோதும் காகிதத்துக்குக் கொஞ்சம் கை ஓங்கியிருந்தது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதனால் நாவலைப் போனில் படித்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

பாதியில் விட்டதை எங்கே எழுதுறது?

தனிப் பக்கத்தில், விட்ட பக்க எண்ணோடு. காரணமும் ஒரு வரி. என் நோட்டில் எனக்கு மிகவும் பயன்பட்ட பக்கம் இதுதான். மூன்று வருடப் பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நான் விட்டதில் முக்கால்வாசி, யாரோ ‘கட்டாயம் படிக்கணும்’ என்று சொல்லி எடுத்தவை. நானாகப் பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்து எடுத்ததை அநேகமாக விட்டதே இல்லை. அதிலிருந்து யார் சிபாரிசு செய்தாலும் முதலில் பத்துப் பக்கம் படித்துவிட்டுத்தான் ‘சரி’ சொல்கிறேன்.

விட்டதெல்லாம் தோல்விக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தப் பக்கத்தில் இருந்த நான்கு புத்தகங்கள் பிந்தைய வருடங்களில் ‘முடித்தது’ பக்கத்துக்கு வந்திருக்கின்றன.

நல்ல வாசகர்னா வருஷத்துக்கு எத்தனை புத்தகம் படிக்கணும்?

இதற்குப் பதில் எண்ணாக வராது என்று சொன்னால் நழுவுகிறேன் என்பார்கள். அதனால் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஆங்கிலத்தில் மௌனமாகப் படிக்கும் வேகம் பற்றி வந்த 190 ஆய்வுகளை மார்க் பிரிஸ்பார்ட் 2019-இல் தொகுத்தார். கதையல்லாத நூல் என்றால் சராசரி நிமிடத்துக்கு 238 சொல், கதை என்றால் 260. இந்த எண்ணை அப்படியே தமிழுக்குத் தூக்கி வந்து ‘நான் மெதுவாகப் படிக்கிறேன்’ என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ‘படித்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்து சொல்லாவது வேண்டும். இரண்டு மொழியையும் ஒரே படியால் அளக்க முடியாது.

அதனால் பக்கத்தால் அளந்து பாருங்கள். வழக்கமாகப் படிக்கிற மாதிரி ஒரு நூலைப் பத்து நிமிடம் படித்துப் பக்கங்களை எண்ணுங்கள். ஆறு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். தினம் அரை மணி நேரம் என்றால் 18 பக்கம், வருடத்தில் 300 நாள் படித்தால் 5,400 பக்கம். இருநூறு பக்க நூல்களாக 27 வரும். இதற்கு மேல் வேண்டும் என்றால் நேரத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன மாதிரி மெலிந்த புத்தகமாகத் தேட வேண்டும். எழுநூறு பக்க நாவல் ஒன்றை எடுத்தவுடன் கணக்கு சரிந்துவிடும். சரியட்டும். எண்ணுக்குப் பயந்து பெரிய நூல்களைத் தள்ளிப்போட்ட இரண்டு வருடங்களை இப்போது பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

படிச்சது எதுவுமே ஞாபகம் இல்லை. அப்ப படிச்சதெல்லாம் வீண்தானே?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், கேட்கிறவர் குரலும் இறங்கித்தான் இருக்கும். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், தன்னையே சோதனைப்பொருளாக வைத்து மறதியை அளந்தார். பொருளில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார், சில நாள் கழித்து அதே வரிசையைத் திரும்ப மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். ஒரு நாள் கழித்து, முதல்முறை பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. இதை எல்லோரும் ‘எவ்வளவு வேகமாக மறக்கிறோம் பார்’ என்றுதான் சொல்வார்கள். நான் அதை மறுபக்கமிருந்து பார்க்கிறேன். ஒரு மாதம் கழித்தும், அர்த்தமே இல்லாத அசைகளில்கூட, ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது. பொருளுள்ள கவிதை வரிகளை அவர் மனப்பாடம் செய்தபோது பத்தில் ஒரு பங்கு உழைப்புதான் தேவைப்பட்டது. தாளில் வராத நூலை மறுபடி எடுத்தால் மூன்றாம் பக்கத்திலேயே ஆள் அடையாளம் தெரிந்துவிடுவது இதனால்தான்.

இன்னும் கொஞ்சம் தங்க வேண்டும் என்றால், மறுபடி படிப்பதைவிட மூடி வைத்து நினைத்துப் பார்ப்பது பலன் தரும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பகுதியை இரண்டுமுறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் சொன்னார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதம் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டுமுறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். புத்தகத்தை மூடிய சூட்டில் ‘எல்லாம் தெரியும்’ என்று தோன்றுவதை நம்ப முடியாது. அந்த ‘மிகச் சிறப்பு’ அப்படி எழுதியதுதான்.

நோட்டா, ஆப்பா, எக்செல்லா? எது நல்லது?

எதை ஆகஸ்டிலும் திறப்பீர்களோ அது. ஆப் எண்ணிக்கை, பக்கம், வகை எல்லாவற்றையும் தானே கூட்டித் தரும். நோட்டு கூட்டாது, ஆனால் அடித்துத் திருத்திய இடமும் மையின் நிறமும் அதில் அப்படியே இருக்கும். டார்வின் 1838 முதல் 1860 வரை வைத்திருந்த வாசிப்பு நோட்டுகளில் ‘படித்தவை’, ‘படிக்க வேண்டியவை’ என்று இரண்டே பட்டியல்தான். பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968-இலிருந்து படித்ததையெல்லாம் வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார், ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. யாரும் வண்ண வண்ணமாக வரைபடம் போடவில்லை.

குறிப்பு நோட்டு வைப்பவர்களுக்கு ஒரு பழைய வித்தை சொல்கிறேன். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1686-இல் வெளியிட்ட முறை இது. எழுதிய குறிப்பைத் தேடி எடுக்க, தலைச்சொல்லின் முதல் எழுத்தையும் அதற்கு அடுத்து வருகிற முதல் உயிரெழுத்தையும் சேர்த்து அகரவரிசை போட்டுக்கொள்வார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் இரண்டு எழுத்தைச் சேர்த்துச் செய்ததை நமக்கு ஓர் உயிர்மெய் தானே செய்துவிடுகிறது. ‘ம’வில் மழை, மரணம், மறதி. ‘நி’யில் நிலம், நினைவு. நோட்டின் கடைசி நான்கு பக்கத்தை இதற்கு ஒதுக்கினால் போதும்.

ஒவ்வொண்ணுக்கும் ஸ்டார் போடணுமா?

போட்டுப் பார்த்துவிட்டு விட்டவன் நான். நான்கு ஸ்டார் என்று போட்டிருப்பேன். ஒரு வருடம் கழித்து அது புத்தகத்தின் தரமா, அன்றைக்கு எனக்கிருந்த மனநிலையா, எழுத்தாளர் மேலிருந்த மரியாதையா என்று பிரிக்க முடியவில்லை.

இப்போது ஸ்டாருக்குப் பதில் ஒரு வாக்கியம் எழுதுகிறேன். எங்கே நின்றேன் என்பது மட்டும். ஒரு பதிவு இப்படி இருக்கிறது: ‘பக். 112. தம்பி வாசலில் செருப்பைத் தேடும் இடம். மூடி வைத்துவிட்டேன்.’ அந்த நாவலின் முடிவு எனக்கு மறந்துவிட்டது. ஆனால் இந்த வரியைப் படித்ததும் வெளிச்சம் மங்கிய அந்த வாசல், அண்ணன் உள்ளேயிருந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது, எல்லாம் வந்துவிட்டது. ஐந்து ஸ்டார் எனக்கு இதைச் செய்ததில்லை. பக்க எண் முக்கியம், திரும்பிப் போகலாம் இல்லையா.

மறுபடி படிச்சதைப் புது எண்ணிக்கையில் சேர்க்கலாமா?

தாராளமாக. திரும்பப் படிப்பதை யாரோ ஏமாற்று வேலை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். பழகப் பழக நல்ல நட்பு இனிப்பதைச் சொல்ல வள்ளுவர் எடுத்த உவமையே, படிக்கப் படிக்கத் தெரியவரும் நூல்நயம்தான். தெரிந்ததைக் காட்டித்தானே தெரியாததை விளக்குவார்கள்? அப்படியென்றால் மறுவாசிப்பின் ருசி அவர் காலத்து வாசகருக்குச் சொல்லித் தெரியவேண்டியதாக இல்லை.

பட்டியலில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று எண் போடுங்கள். முன்பு நின்ற இடத்திலேயே இப்போதும் நின்றீர்களா என்று ஒப்பிட, மேலே சொன்ன அந்த ஒரு வாக்கியம் உதவும்.

வாங்கினது பாதி, படிச்சது கால்வாசி. குவிஞ்சு கிடக்கு. இதையும் எழுதணுமா?

எழுதினால் நல்லது, வலிக்கும். ஜப்பானிய மொழியில் இதற்கென்றே ‘சுந்தோகு’ என்று ஒரு சொல் உண்டு. குவிப்பதையும் படிப்பதையும் சேர்த்துச் சிலேடையாகக் கட்டியது, மெய்ஜி காலத்திலேயே (1868–1912) புழங்கியிருக்கிறது. வாங்கி அடுக்குவது இணையக் கடைகள் கொண்டுவந்த வியாதி இல்லை.

வருடக் கடைசியில் அந்தக் குவியலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். ‘இன்னும் படிக்க ஆசை’, ‘வாங்கியபோது இருந்த ஆள் நானில்லை’ என்று இரண்டாகப் பிரியும். இரண்டாவதைக் கொடுத்துவிடலாம்.

பட்டியலைப் பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி எழுத்தாளர்கள், ஒரே மாதிரி கதை. சதவீதம் போட்டுச் சரிசெய்யணுமா?

கவனித்ததே பெரிய விஷயம். அதற்கு மேல் சதவீதம் போட்டு நான் சரிசெய்ய மாட்டேன். ஒரு வருடம் செய்தேன், மொழிபெயர்ப்பு இத்தனை, பெண்கள் எழுதியது இத்தனை, அறிவியல் இத்தனை என்று. மருந்து குடிக்கிற முகத்தோடு படித்தேன், அந்த முகத்தோடு படித்தால் எந்த எழுத்தாளருக்கும் நியாயம் கிடைக்காது.

எனக்குப் பலித்தது வேறு வழி. பிடித்த ஒரு நூலிலிருந்து ஒரே ஓர் அடி பக்கவாட்டில் வைப்பது. கடல் பற்றிய நாவல் பிடித்திருந்தால், மீன்களைப் பற்றி ஒரு விஞ்ஞானி எழுதியது. போர் பற்றிய நினைவுக்குறிப்பு பிடித்திருந்தால், அதே போரில் எதிர்ப்பக்கம் இருந்தவர் எழுதியது, அல்லது வீட்டில் காத்திருந்த பெண் எழுதியது. இரண்டு வருடத்தில் பட்டியலின் முகம் மாறிவிட்டது, நான் எந்த விகிதமும் வைக்கவில்லை.

இந்த வருஷம் மூணே மூணு புத்தகம். உடம்பு சரியில்லை, மனசும் சரியில்லை. இதுக்கு ஒரு கணக்கா?

மூன்றுக்கும் தாள் எழுதுங்கள். பட்டியலோடு ஒப்பிட ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு நான்கு புத்தக வருடம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி நாற்காலியில், ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்த வருடம். நான்கும் இன்றுவரை அத்தியாய வாரியாக நினைவில் இருக்கின்றன. அது நல்ல வாசிப்பு என்று சொல்ல வரவில்லை, அந்த மாதிரி ஒரு வருடம் யாருக்கும் வேண்டாம்.

குறிக்க ஆரம்பிச்சதிலிருந்து படிக்கிற சந்தோஷமே போச்சு. படிக்கும்போதே என்ன எழுதலாம்னு ஓடுது.

அப்படியானால் நிறுத்திவிடுங்கள். ஒரு வருடம் குறிக்காமல் படியுங்கள், டிசம்பரில் தாள் மட்டும் எழுதுங்கள். நோட்டு போடுகிறவர்களில் பாதிப்பேருக்கு இது வரும், எனக்கும் வந்தது. நான் கண்ட நடுவழி, படித்து முடித்த அன்றே எழுதாமல் ஒரு வாரம் விட்டு எழுதுவது. எழுத வேண்டியது தானாகக் குறைந்துவிடும். மறதி பற்றிய கேள்வியில் சொன்ன சோதனையும் இதில் இலவசமாக நடந்துவிடும்.

பழைய நோட்டைப் பார்த்தா கூச்சமா இருக்கு. கிழிச்சுப் போட்டுடலாமா?

என் முதல் நோட்டை நான் கிழித்துப் போட்டேன். அவ்வளவு மேதாவித்தனமாக எழுதியிருந்தேன், வேறு யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று பயம். கிழித்தபிறகுதான் உறைத்தது, அதன் பின்னட்டை உள்பக்கத்தில் யார் யாருக்கு எந்தப் புத்தகம் இரவல் கொடுத்தேன் என்ற பட்டியலும் இருந்தது. பதினான்கு பெயர். நான்கு பேரை நினைவிலிருந்து பிடித்து வாங்கிவிட்டேன். மீதிப் பத்துப் பேர் யார் என்று எழுத இன்றுவரை ஒரு தாளோடு உட்கார்ந்து பார்க்கிறேன், வரவில்லை. வாங்கியவர்களுக்கு மட்டும் நன்றாக மறந்திருக்கிறது.